கட்டாய மனத்தாங்கல்

கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். என் இரண்டு கண்மேலும், வாயில் மிச்சமிருக்கும் பற்கள்மேலும் ஆணையிட்டுச் சொல்கிறேன். பற்கள் குறைச்சல் என்பதால் ஆணையின் பலம் குறைந்துவிடாது. இருப்பதெல்லாம் கடைவாய்ப் பற்கள், உறுதியானவை. நம்ப மனமில்லாதவர்கள் இத்தோடு எழுந்து போய் வேறு வேலையைப் பார்க்கலாம்.

எங்கள் ஊர்க் கல்லூரியில் முதலில் காதலைத் தடைதான் செய்திருந்தார்கள். மாணவர்களுக்கு ஒரு மாடிப்படி, மாணவிகளுக்கு ஒரு மாடிப்படி, நடுவில் சுவர். அந்தச் சுவரைக் கட்ட வந்த கொத்தனாரும் சித்தாளும் சுவர் எழும்பி முடிவதற்குள் கல்யாணம் செய்துகொண்டார்கள். சுவர் இன்னமும் பாதியில்தான் நிற்கிறது. அதோடு நிர்வாகத்துக்குத் தடையின்மேல் நம்பிக்கை போயிற்று.

புதிதாக வந்த முதல்வர் ஒரு கோடை விடுமுறை முழுக்க நூலகத்தில் உட்கார்ந்து அங்கிருந்த காதல் நாவல்களையெல்லாம் படித்தார். விடுமுறை முடிந்து கதவு திறந்தபோது அவர் முகத்தில் ஒளி தெரிந்ததாகக் கூட்டுகிற அம்மாள் சொன்னாள். அன்றைய கூட்டத்தில் அவர் பேசினார்:

"நான் எல்லாத்தையும் படிச்சுட்டேன். கல்லூரிக் காதல் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு. மோதிக்கறாங்க, முறைச்சுக்கறாங்க, மழையில நனையறாங்க, வில்லன் வரான், வீட்ல எதிர்க்கறாங்க, மனத்தாங்கல் வந்து பிரியறாங்க, அப்புறம் சேர்ந்துடறாங்க. ஏழு கட்டம். ஒரே மாதிரி நடக்கற எதை வேணும்னாலும் நிர்வாகம் பண்ணலாம். தடுக்க முடியாததை நாமளே நடத்திட்டா, அது நம்ம சாதனை ஆயிடும்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. காதல் நிர்வாகத் துறை அன்றைக்கே பிறந்தது.

துறைத்தலைவராக வணிகவியல் பேராசிரியர் ஒருவரைப் போட்டார்கள். அவருக்குக் காதலில் முன் அனுபவம் எதுவும் கிடையாது. ஆகையால் பாரபட்சம் இருக்காது. துறைக்குழுவில் பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர் இருந்தாக வேண்டும் என்று விதி சொன்னதால், அந்தச் சமயம் வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஓட்டு கிடையாது, டீ உண்டு. இனி நான் சொல்வதெல்லாம் அந்த நாற்காலியிலிருந்து பார்த்தது.

கிழக்குப் படிக்கட்டின் திருப்பம் மோதலுக்கு ஒதுக்கப்பட்டது. மோதும்போது கீழே விழுவதற்கென்று நூலகம் கெட்டி அட்டை போட்ட பழைய கலைக்களஞ்சியங்களை இரவல் கொடுத்தது. மெல்லிய புத்தகங்கள் விழுந்தால் சத்தம் போதாது. மழைக்குத் தோட்டக்காரர் மொட்டை மாடியில் ரப்பர்க் குழாயோடு தயாராக நின்றார். வில்லன் வேலைக்கு இறுதியாண்டு மாணவன் ஒருவனை நியமித்து, சத்தத்துக்காகப் புகைக்குழாயில் ஓட்டை போட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றையும் ஒப்படைத்தார்கள். மனத்தாங்கல் கட்டத்தில் இருப்பவர்கள் உட்கார்ந்து ஜன்னல் வழியே வானத்தைப் பார்ப்பதற்கு மேற்குத் தாழ்வாரம். அங்கே மாணவர்களுக்குத் தாடி கட்டாயம். தாடி வளராதவர்கள் டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வர வேண்டும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, கொக்கும் மிளகும் வரும் வரை.

கொக்கு என்பவன் இயந்திரவியல் மாணவன். அவ்வளவு உயரம், வகுப்புக்குள் வரும்போது நிலைக்கு வணக்கம் சொல்லிக்கொண்டேதான் நுழைவான். மிளகு கணக்குப் படித்தவள். உருவம் சிறிசு, காரம் பெரிசு. ஒருநாள் குடிதண்ணீர்க் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. கொக்கு அதைத் திருகிப் பார்த்துவிட்டு, பின்னால் வரிசையில் நின்ற மிளகிடம், "உங்க செருப்புல ஓரமா ஒரு துண்டு வெட்டிக்கட்டுமா? வாஷர் போடணும். என் செருப்பு தேஞ்சு காகிதமா இருக்கு" என்றான். பெண்ணிடம் பேசும் முதல் வாக்கியத்தை இப்படியும் அமைக்கலாம் என்று எந்த நாவலிலும் இல்லை. மிளகு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஏற இறங்கப் பார்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு செருப்பைக் கழற்றிக் கொடுத்தாள். ஒழுகல் நின்றது. மறுநாள் முதல் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவ்வளவுதான் கதை. துறைக்குத் தகவல் எட்டியபோது அவர்கள் காதலில் வெகுதூரம் போயிருந்தார்கள்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

"ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்கறதா புகார் வந்திருக்கு," என்று துறைத்தலைவர் ஆரம்பித்தார்.

"ஆமா சார்," என்றாள் மிளகு.

"எங்கே மோதினீங்க?"

கொக்கு விழித்தான். "மோதலயே சார். குழாய் ஒழுகிச்சு."

"மோதாமயா?" துறைத்தலைவர் பேனாவை மூடி வைத்தார். "சரி, காதல் ஆரம்பிச்சது எந்த இடம்?"

"தெரியல சார். ஒருநாள் பார்த்தா இருந்துச்சு."

"இடையில சண்டை ஏதாவது?"

"ஒரு தடவை வந்துச்சு சார்," என்று கொக்கு ஆவலாகச் சொன்னான்; பாவம், உதவி செய்வதாக நினைத்தான். "பஸ்ல ஜன்னல் சீட்டுக்கு."

"எப்போ தீர்ந்தது?"

"அடுத்த ஸ்டாப்புல."

துறைத்தலைவர் என்னைப் பார்த்தார். பொதுமக்கள் சார்பில் நான் டீயைக் குடித்தேன்.

"இது முறையில்லாத காதல்," என்று அவர் தீர்ப்புச் சொன்னார். "நாங்க என்ன காதலுக்கு எதிரியா? இல்லவே இல்லை. காதலர்கள் வரட்டும், வாழட்டும். ஆனா கஷ்டப்படாம வாழக்கூடாது. கஷ்டப்பட்டவங்க எத்தனை பேர் தாழ்வாரத்துல தாடியோட உட்கார்ந்திருக்காங்க? அவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்? அதனால, ஏழு கட்டத்தையும் முதல்லேர்ந்து முடிங்க. முடிக்காட்டி கடைசிப் பரீட்சை எழுத முடியாது. ரெண்டு பேருமே."

அங்கேதான் இடித்தது. கொக்குக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் வேலை காத்திருந்தது. பட்டம் இருந்தால்தான் சேர்ப்பார்கள். மிளகின் அம்மா தையல்காரி. மெஷினை மிதித்து மிதித்துத்தான் மகளைக் கடைசி வருடம் வரை கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். பரீட்சை போனால் இரண்டு வீட்டிலும் அடுப்பு முகம் சுளிக்கும்.

வெளியே வந்ததும் கொக்கு சொன்னான்: "செஞ்சு தொலைச்சிடலாம். படிக்கட்டுல இடிச்சுக்கறதுதானே?"

"இடிச்சுக்கலாம்," என்றாள் மிளகு. "ஆனா எனக்குப் பிடிக்காத இடம் வந்தா நிறுத்திடுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

மோதல் சரியாக வரவில்லை. அவள் நெற்றி அவன் வயிற்றில் போய் இடித்தது. அவன் கையிலிருந்த கலைக்களஞ்சியம் அவள் தலைக்கு மேலாகப் பறந்து, மேற்பார்வைக்கு நின்ற துறைத்தலைவரின் கால் கட்டைவிரலில் இறங்கியது. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

"சிரிக்கக் கூடாது! முறைக்கணும்!" என்று அவர் ஒற்றைக் காலில் நின்றபடி கத்தினார்.

மிளகு முறைத்தாள்.

"கண்ணுல தூசியா?" என்று கொக்கு குனிந்து ஊதப் போனான்.

அந்த இரண்டு கட்டத்தையும் துறை ஒருவாறு கண்ணை மூடிக்கொண்டு அங்கீகரித்தது. மழைக்கு வந்தார்கள். "சாரலா, கொட்டற மழையா, எது வேணும்னு முன்னாடியே சொல்லிடுங்க, அப்புறம் மேல பார்த்துக் கத்தாதீங்க," என்றார் தோட்டக்காரர். துறைத்தலைவர் கொட்டுகிற மழை கேட்டார். மிளகு ஒரு வாரம் தும்மினாள். கொக்கு வீட்டிலிருந்து கஷாயம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். நோயில் பரிவு காட்டுவது ஏழாம் கட்டத்தில் வர வேண்டியது என்றும், அதை மூன்றிலேயே செலவழித்தது ஏன் என்றும் அவனிடம் விளக்கம் கேட்டார்கள். "அவளுக்கு மூணாவது கட்டத்துலயே ஜலதோஷம் பிடிச்சிடுச்சு சார்" என்று அவன் விளக்கினான்.

வில்லனின் முறை வந்தது. பின்வாசலில் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "ஏய், நில்லு! இந்த ஏரியாவுல..." என்று ஆரம்பித்தான்.

"என்ன அண்ணா, முகமே வாடிக் கிடக்கு? சாப்பிட்டீங்களா?" என்றாள் மிளகு.

வில்லன் காலரை இறக்கிவிட்டான். "எங்கேம்மா சாப்பிடறது? காலையிலேர்ந்து வழிமறிச்சு வழிமறிச்சு தொண்டை கட்டிப் போச்சு. நாளைக்குப் புள்ளியியல் பரீட்சை. ஒண்ணும் ஏறல. எங்கம்மா என்னைப் பார்த்து என்ன சொல்றாங்க தெரியுமா? வீட்லயும் ஏன்டா இப்படி நடக்கறேங்கறாங்க. நடை அப்படியே ஒட்டிக்கிச்சு."

மிளகு அவனைப் படியில் உட்கார வைத்துச் சராசரியும் விலக்கமும் சொல்லிக்கொடுத்தாள். கொக்கு அதற்குள் மோட்டார் சைக்கிளின் ஓட்டையை அடைத்துவிட்டான். வில்லன் பரீட்சையில் தேறினான். ஆனால் வண்டியில் சத்தம் நின்றுபோனதால் அவன் வருவது யாருக்கும் தெரியாமல், மாணவிகள் ஒருவரும் பயப்படவில்லை. கல்லூரிச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாகக் கொக்கின்மேல் இன்னொரு புகார் ஏறியது.

ஐந்தாம் கட்டம், வீட்டார் எதிர்ப்பு. மிளகின் அம்மாவைக் கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு வேலையிலிருந்து பாதியில் வரவழைத்தார்கள். அவள் கொக்கை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். "ஏன்ப்பா, உனக்குச் சட்டை தைக்கறவன் யாரு? கை இவ்வளவு குட்டையா வெச்சிருக்கான்?" என்று கேட்டாள். அதுதான் அவள் தெரிவித்த ஒரே எதிர்ப்பு.

"அம்மா, நீங்க எதிர்க்கணும்," என்றார் துறைத்தலைவர்.

"எதுக்குங்க? பையன் நல்லவனாத்தான் தெரியறான். இவளும் சொல் பேச்சு கேட்கற ஆளு கிடையாது. எனக்குக் கடையில பாதித் துணி மெஷின்லயே நிக்குது."

"உங்க மகளுக்கு நல்லது நடக்கணும்னா நீங்க குறுக்கே நின்னுதான் ஆகணும்."

"நல்லது நடக்கறதுக்கு நான் ஏங்க குறுக்கே நிக்கணும்?"

துறைத்தலைவர் மணியை அடித்தார். எதிர்க்க மனமில்லாத குடும்பங்களுக்காகத் துறை ஒப்பந்த அடிப்படையில் ஒரு சித்தப்பாவை வைத்திருந்தது. மீசைக்காரர், மற்ற நேரத்தில் நாடகக் கொட்டகைக்குப் படுதா இழுப்பவர். உள்ளே வந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "என் உசிரு இருக்கற வரைக்கும் இந்தக் கல்யாணம் நடக்காது!" என்று மேசையைக் குத்தினார். எல்லாருடைய டீயும் கொட்டியது. மிளகின் அம்மா அவரை நிதானமாகப் பார்த்து, "யாருங்க நீங்க? எனக்குக் கொழுந்தனே கிடையாதே" என்றாள். சித்தப்பா சற்று யோசித்தார். "தூரத்துச் சொந்தம்" என்றார். அந்தம்மாள் அவருடைய சட்டை அக்குளில் தையல் விட்டிருப்பதைக் காட்டி, கடைக்கு வரச் சொல்லிவிட்டுப் போனாள்.

இதுவரை கொக்கும் மிளகும் பொறுத்துக்கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும். ஆறாம் கட்டத்தில்தான் நெருப்புப் பற்றியது.

மனத்தாங்கல் இப்படி நடக்க வேண்டும்: கொக்கு வேறொரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் நடப்பான். மிளகு தூரத்திலிருந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். அதன்பின் பரீட்சை வரை இருவரும் பேசக்கூடாது. துறைத்தலைவர் இதை விளக்கும்போது, ஒரு விஷயத்தை மட்டும் மேசையில் விரலால் தட்டித் தட்டிச் சொன்னார்: "கேட்கக் கூடாது. என்ன நடந்தாலும் கேட்கக் கூடாது."

"ஏன் சார்?" என்றாள் மிளகு.

"இப்பவே கேட்கறே பாரு!"

"இல்ல சார், நிஜமாவே புரியல. யாரு அந்தப் பொண்ணுன்னு கேட்டா அவன் சொல்லிடப் போறான். அதுக்கு எதுக்கு ஓடணும்?"

துறைத்தலைவர் குரலைத் தாழ்த்தினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அவர்மேல் எனக்கு இரக்கம் வந்ததே அப்போதுதான். "அம்மா, பொண்ணுங்க கேட்க ஆரம்பிச்சா அதுக்கு மேல கதையே இல்லை. மேற்குத் தாழ்வாரம் காலியாயிடும். அங்கே ஆறுதல் சொல்றதுக்கு ரெண்டு விரிவுரையாளர் போட்டிருக்கோம், அவங்க குடும்பம் என்ன ஆகும்? ஜன்னலுக்குக் கம்பி போட டெண்டர் விட்டாச்சு. ஒரு கேள்வியால எத்தனை பேர் வயித்துல அடிக்கறே, யோசிச்சுப் பாரு."

மைதானத்தில் எல்லாரும் கூடினார்கள். வேறொரு பெண்ணாக நடிக்க யாரும் முன்வராததால் நூலக உதவியாளரை அனுப்பியிருந்தார்கள். அந்த அம்மாளுக்கு ஓய்வு பெறும் வயது. அன்றைக்கென்று மூக்குக்கண்ணாடி வேறு உடைந்திருந்தது. கொக்கு அவள் கையைப் பிடித்து, பள்ளம் மேடு பார்த்து அழைத்து வந்தான். துறைத்தலைவர் கைக்குட்டையை அசைத்தார். மிளகு ஓட வேண்டிய நேரம்.

மிளகு ஓடவில்லை. நேராக நடந்து போய் அவர்கள் எதிரில் நின்றாள்.

"யாரு இது?" என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

"நூலகத்து அம்மா. கண்ணாடி உடைஞ்சிடுச்சு," என்றான் கொக்கு.

"சரி. அந்தப் பக்கம் கல்லு இருக்கு. இந்தக் கையை நான் பிடிச்சுக்கறேன்."

மூவரும் நடந்து போய்விட்டார்கள். பரீட்சை வரை நீடிக்க வேண்டிய மனத்தாங்கல் இரண்டு மூச்சுக்குள் முடிந்தது.

அன்று மாலையே அவசரக் கூட்டம். முதல்வர் நேரில் வந்தார். தாழ்வாரத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரையும் அரங்கில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். தண்டனையைப் பார்த்துப் பாடம் கற்பதற்காக. ஒரு பக்கம் தாடிகள், மறுபக்கம் சிவந்த கண்கள்.

முதல்வர் கோபப்படவில்லை. அவர் எப்போதுமே அன்பாகத்தான் பேசுவார். "குழந்தைகளே, காதல்ல முக்கியமானது அந்த ரெண்டு பேர் இல்லை. நடைமுறைதான் முக்கியம். ஆளுங்க வருவாங்க, போவாங்க, நடைமுறை நிக்கும். நான் உங்களைப் பிரியச் சொல்லல. பிரிஞ்ச மாதிரி இருங்கன்னுதான் சொல்றேன். பரீட்சை வரைக்கும் கூட வேண்டாம். நாளைக்கு ஒரே ஒரு மத்தியானம். அவன் ஒரு ஜன்னல், நீ ஒரு ஜன்னல். ஒரு பெருமூச்சு விட்டுட்டு எழுந்து போயிடுங்க. பரீட்சை வந்ததும் எழுதுங்க. இது கூடவா முடியாது?"

மிளகு கொக்கைப் பார்த்தாள். லிஃப்ட் கம்பெனி வேலை அவனுடையது, சொல்ல வேண்டியதும் அவன்தான் என்று காத்திருந்தாள். கொக்கு எழுந்தான். எழுந்து முடிக்க வழக்கம்போல நேரமாயிற்று.

"முடியும் சார்," என்றான். முதல்வர் முகம் மலர்ந்தது.

"நாங்க தினமும் பிரியறோம் சார். சாயங்காலம் ஆனா அவ பஸ் வேற, என் பஸ் வேற. ஞாயித்துக்கிழமை முழுக்கப் பார்க்கறதில்லை. அது ஒண்ணும் கஷ்டமில்லை. ஆனா நீங்க சொல்லி ஒரு நிமிஷம்கூடப் பிரிய மாட்டோம். படிக்கட்டுல இடிக்கச் சொன்னீங்க, இடிச்சோம். மாடியிலேர்ந்து தண்ணி ஊத்தினீங்க, நின்னோம். அதெல்லாம் வெளியில நடந்தது, பரவாயில்லை. இது உள்ளே சார். இதுல நீங்க கை வைக்க முடியாது. பரீட்சை இல்லேன்னா இல்லை. லிஃப்ட் பட்டம் பார்த்தா நின்னு போகுது?"

"உட்காருடா!" என்றார் துறைத்தலைவர்.

"உட்காராதே," என்று மிளகும் எழுந்து அவன் பக்கத்தில் நின்றாள். அவனுடைய முழங்கை உயரம்தான் இருந்தாள். ஆனால் அரங்கில் எல்லாரும் பார்த்தது அவளைத்தான். "சார், எங்கம்மா மெஷின் மிதிச்சது நான் இங்கே வந்து பொய்யா அழறதுக்கு இல்லை. எழுத விடாட்டி வாசல்ல உட்கார்ந்து கணக்குச் சொல்லித் தருவேன். உங்க வில்லனே பாஸ் பண்ணியிருக்கான்."

அப்போது தாடிகள் பக்கத்திலிருந்து ஒரு பையன் மெதுவாகத் திரும்பி, எதிர்வரிசையில் இருந்த ஒருத்தியைப் பார்த்துக் கேட்டான்: "அன்னைக்கு நீ ஏன் பேசாமப் போனே?"

"துறையிலதான் போகச் சொன்னாங்க," என்றாள் அவள். "நீ ஏன் கூப்பிடல?"

"கூப்பிடக் கூடாதுன்னாங்க."

"அப்போ இந்தத் தாடி?"

"நமைச்சல் தாங்கல."

இன்னொருத்தி கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவன். பிறகு யார் யாரைக் கேட்டார்கள் என்று சொல்ல முடியாதபடி அரங்கம் முழுக்கச் சந்தை இரைச்சல். யாரும் கோஷம் போடவில்லை, கல் எறியவில்லை. கேட்டார்கள், பதில் சொன்னார்கள், அவ்வளவுதான். துறை இத்தனை காலம் பாடுபட்டு வளர்த்த மனத்தாங்கல்கள் டீ ஆறுவதற்குள் தீர்ந்துபோயின. இரண்டு மூன்று ஜோடிகள், தங்களுக்கு ஒருவரையொருவர் பிடிக்கவே இல்லை என்பதைக் கண்டுபிடித்து, நிம்மதியாகக் கைகுலுக்கிப் பிரிந்தார்கள். ஆறுதல் விரிவுரையாளர்கள் இருவரும் ஒரு மூலையில் தங்களுக்குள் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் முகம் சிவந்திருந்தது.

"நிறுத்துங்க! இது எந்தக் கட்டம்னே தெரியல!" என்று துறைத்தலைவர் கத்தினார்.

"எந்தக் கட்டமும் இல்லை சார்," என்றாள் மிளகு. "பேசிக்கிட்டிருக்கோம்."

முதல்வர் நிலைமையைப் பார்த்தார். இருவரை வெளியே நிறுத்த வேண்டுமானால் இப்போது கல்லூரியையே வெளியே நிறுத்த வேண்டும். பரீட்சைக் கூடத்தில் மேசைகள்தான் மிஞ்சும். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது இன்று முதல் எட்டாம் கட்டமாகச் சேர்க்கப்படுவதாகவும், அதைத் தாமே நீண்டகாலமாகத் திட்டமிட்டிருந்ததாகவும் அறிவித்தார். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

பரீட்சை நாளில் கொக்கும் மிளகும் எல்லாரோடும் சேர்ந்து வரிசையில் நின்று உள்ளே போனார்கள். வாசலில் நின்ற துறைத்தலைவர் தடுப்பதற்காகக் கையைத் தூக்கினார். தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார். மிளகு முதல் வகுப்பில் தேறினாள். கொக்கு ஒரு தாளில் கோட்டைவிட்டு மறுமுறை எழுதித் தேறினான். அவர்கள் கல்யாணத்தில் ஒப்பந்தச் சித்தப்பா தைத்துப் போட்ட சட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தால் ஒருமுறை எழுந்து, யாரும் கவனிக்காததால் மறுபடி உட்கார்ந்தார்.

இவ்வளவும் நடந்த அந்தக் கல்லூரி, தொடங்கிய நாள்முதல் இன்றுவரை அஞ்சல்வழியாக மட்டுமே பாடம் நடத்திவருகிறது.